ஐவிக்கு ஜெனரல் ஷிப்ட்

4-9-2023 – மண்தொட்டி, தட்டு – ரூ. 140
19-9-2023 – கறுப்புக் குடை – ரூ. 320
8-10-2023 – ஜன்னல் திரைத்துணி – ரூ. 450
23-10-2023 – டியூப் லைட் – ரூ. 260
20-1-2024 – எழுத்தை அழிக்கும் வெள்ளை மை – ரூ. 35

மேற்கண்டவை மருதமுத்து வீட்டில் மகன் கல்யாணத்துக்காகச் செய்த செலவு. பத்திரிகை, பந்தல், மேளம் எதுவும் இதில் சேராது. எல்லாம் ஒரே ஒரு செடிக்காக.

நெய்வேலியில் என் மகளின் குவார்ட்டர்ஸுக்கு அடுத்த வீடு மருதமுத்துவுடையது. மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பார்ப்பவர். பல வருடம் கான்ட்ராக்டில் இருந்து பர்மனன்ட் ஆனவர். நான் அதே மைன்ஸில் டைம் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் உறுதியாகச் சொல்ல முடியும்: அவர் வேலைக்குத் தாமதமாக வந்ததாகப் பதிவே கிடையாது. மகன் பிறந்த அன்று மட்டும் முன்னதாகக் கிளம்பினார். அதற்கும் அனுமதிச் சீட்டு வாங்கினார். உலகத்தில் எல்லா உயிரும் ஷிப்ட் முறைப்படிதான் இயங்குகிறது என்பது அவர் நம்பிக்கை. கோழி ஃபர்ஸ்ட் ஷிப்ட், ஆந்தை நைட் ஷிப்ட் என்பார்.

மகன் பாலகுமார் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். உடன் வேலை பார்க்கும் பவித்ராவை விரும்பினான். பவித்ராவின் அம்மா பிரபாவதி கோத்தகிரியில் போஸ்ட் மாஸ்டராக இருந்தவர். நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர் பழத்தட்டு, பூத்தட்டோடு ஒரு சிறிய பிளாஸ்டிக் பையில் ஒரு கொடியையும் கொண்டுவந்தார். ஐந்து முனை கொண்ட பச்சை இலை. சுற்றிலும் வெள்ளை ஓரம்.

“இது ஐவிங்க சம்பந்தி” என்றார். “இந்த வெள்ளை ஓரம் போகக் கூடாது. வெயில் அதிகமானா கருகிப்போயிரும். வெளிச்சம் கம்மியானா முழுக்கப் பச்சையாயிரும். ரெண்டுக்கும் நடுவுல வெக்கோணும். தை மாசம் வந்து பாப்பேன். இதை வெக்கத் தெரிஞ்ச ஊட்டுலதான் என் புள்ளையும் நல்லா இருப்பா. அப்புறந்தான் கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறது.”

அவருடைய கணவர் பின்னால் நின்று தலையாட்டினார். எல்லோரும் சிரித்தோம். மறுநாள் பவித்ரா பாலகுமாரிடம் போனில் சொன்ன பிறகுதான் சிரிப்பு நின்றது.

“அம்மா விளையாட்டுக்குப் பேச மாட்டாங்க. போன வருஷம் பொண்ணு பாக்க வந்தவர் மிச்சக் காப்பியை ரோஜாத் தொட்டியில ஊத்தினார். அன்னைக்கே அது முடிஞ்சுபோச்சு.”

மருதமுத்து அன்றே மந்தாரக்குப்பம் போய் மண்தொட்டி வாங்கினார். நல்ல பொருள் நாலு பேர் பார்க்க இருக்க வேண்டும் என்று கேட் பக்கத்தில் வைத்தார். நெய்வேலி வெயிலுக்குக் கோத்தகிரி தெரியாது. வெள்ளை ஓரங்கள் சுட்ட அப்பளம் மாதிரி ஆயின. பிறகு குடை வாங்கி விரித்துக் கட்டினார். அதிகாலை இருட்டில் பால்காரர் குடைக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். நண்பகலில் குடைக்குள்ளும் அனல்தான்.

அடுத்தது திரைத்துணி. படுக்கையறை ஜன்னலை மூடி, செடியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். புதிதாக வந்த இலைகளில் வெள்ளையைத் தேட வேண்டியிருந்தது.

அவர் மனைவி பாப்பா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இன்னாய்யா இது? இன்னும் நாலு நாள் இங்கியே இருந்தா ரசத்துல கிள்ளிப் போட்டுடலாம்.”

அப்போதுதான் மருதமுத்துவுக்கு வழி பிறந்தது. என்னிடம் வந்து சொன்னார்.

“சார், தப்பு எங்க இருக்குன்னு கண்டுபுடிச்சிட்டேன். ஒரே எடத்துல குந்த வச்சா எந்த உசுரு தாங்கும்? ஷிப்டுல போட்டா எல்லா வெளிச்சமும் சமமா கெடைக்கும். நம்ம ஆளுங்க தாங்கலியா?”

“நம் ஆட்களுக்கு வேர் இல்லையே” என்றேன்.

“யூனியன் இருக்குது சார்” என்றார்.

அன்று முதல் ஐவியும் வேலைக்குப் போனது. ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்றால் கிழக்கு வராந்தா. செகண்ட் ஷிப்ட் என்றால் மேற்கு ஜன்னல். நைட் ஷிப்ட் வாரத்தில் பகலெல்லாம் திரைக்குப் பின்னால் தூக்கம், ராத்திரி புது டியூப் லைட்டுக்குக் கீழே வேலை. வார விடுமுறைக்குக் கட்டிலடி. தனக்கு என்ன ஷிப்டோ அதே ஷிப்ட் செடிக்கும். காலண்டரில் தன் ஷிப்டுக்குக் கீழே பச்சை மையில் அதையும் குறித்துவைத்தார். வேலைக்குக் கிளம்பும்போது பாப்பாவிடம் செடியை முறைப்படி ஒப்படைத்துவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார்.

ஒரு நாள் மைன்ஸிலிருந்து போன் வந்தது. பாப்பா எங்கள் வீட்டில் என் மகளோடு பேசிக்கொண்டிருந்தார்.

“பாப்பா, ரிலீவர் வரலை. நான் செகண்ட் ஷிப்டும் கன்டினியூ பண்றேன். செடியை வராந்தாவுலேர்ந்து ஜன்னலுக்கு மாத்திடு.”

“அதுக்கும் டபுள் டூட்டியா? ஓ.டி. காசு யாரு குடுப்பா, உன் சம்பந்தியா?”

“தண்ணி ஒரு டம்ளர் சேத்து ஊத்து.”

கார்த்திகை வந்தபோது செடியின் ஒரு பக்கம் கருகியிருந்தது, மறு பக்கம் முழுப் பச்சை. தண்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நெளிந்து கிடந்தது. அந்த வாரம் பிரபாவதியிடமிருந்து கார்டு வந்தது. ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். செடி நலமா என்று கேட்டிருந்தார். மனிதர்களைப் பற்றி விசாரிக்கவில்லை.

மருதமுத்து கார்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “எனக்கு ஒருத்தனுக்கு வெளிச்சம் புரியாததால என் பையன் கல்யாணம் நின்னுபுடும் போலருக்கே” என்றார்.

பாப்பா தொட்டியை அவர் முன்னாலிருந்து தூக்கினார். “இதோட ஒடம்பைப் பாரு. ஓரமெல்லாம் வெள்ளைச் சட்டை. வெள்ளைச் சட்டைக்காரங்க எந்தக் காலத்துல நைட் ஷிப்ட் பாத்தாங்க? இது ஆபீசர் செடி. பகல்ல மட்டும், தெனம் ஒரே நேரம். ஜெனரல் ஷிப்டுல போடு.”

அடுப்படியில் வடக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு. காலையில் விளக்குப் போடாமல் அரிசியில் கல் பொறுக்கலாம், ஆனால் வெயில் உள்ளே விழாது. அங்கே வைத்தார். பக்கத்தில் அரிவாள்மனையையும் வைத்தார். “யாராவது இதை நகத்தினா பாத்துக்கோ” என்றார். மருதமுத்து நகர்த்தவில்லை. ஆனால் ஷிப்ட் மாறும் நேரங்களில் அடுப்படிப் பக்கம் போய் வெறுங்கையோடு திரும்பி வருவதை நானே பார்த்தேன்.

ஜனவரி நடுவில், கொடி நுனியில் கட்டைவிரல் நகம் அளவில் இரண்டு இலைகள் வந்தன. சுற்றிலும் சுத்தமான வெள்ளை ஓரம். ஆனால் பழைய இலைகள் மாறுவதாக இல்லை. பச்சையாய் வந்தது பச்சையாகவே இருந்தது.

சனிக்கிழமை பாலகுமார் ஊருக்கு வந்தான். பழைய இலைகளைப் பார்த்தான். கடைக்குப் போய் வெள்ளை மைக் குப்பி ஒன்றோடு திரும்பினான். மறுநாள் விடிவதற்குள் அத்தனை பச்சை இலைக்கும் ஓரம் கட்டிவிட்டான்.

பிரபாவதி வந்தார், பின்னால் கணவர். காபியைக்கூட நின்றுகொண்டே குடித்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போனார். மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டார். ஒரு இலையை நகத்தால் சுரண்டினார். வெள்ளை உதிர்ந்து பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் விழுந்தது.

“அழிச்சு எழுதின மணியார்டர் ஃபாரம் எத்தனை பாத்திருக்கேன்” என்றார்.

பாலகுமார் கூரையைப் பார்த்தான். மருதமுத்து கைகட்டி நின்றார். பிரபாவதி கொடியை நுனிவரை தடவிக்கொண்டே போய் அந்த இரண்டு குட்டி இலைகளில் நின்றார். சுரண்டினார். வெள்ளை அசையவில்லை.

“இது நெசம். இங்க வெச்சது யாரு?”

“நாந்தாங்க” என்றார் பாப்பா.

“அதுக்கு முன்னாடி?”

மருதமுத்துவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. போன வருடக் காலண்டரை எடுத்துக்கொண்டு வந்து முழு விவரமும் சொன்னார். வார விடுமுறை, டபுள் டூட்டி, குடை எதையும் விடவில்லை. பிரபாவதி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் கணவர் மட்டும் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

“எழுதிப் போடறேனுங்க” என்றார் பிரபாவதி. இருவரும் பஸ் ஏறினார்கள்.

அடுத்த பத்து நாளும் மருதமுத்து தபால்காரரை வழியிலேயே மறித்து நின்றார். பாலகுமார் தினமும் போன் செய்தான். பவித்ராவுக்கும் ஒன்றும் தெரியவில்லை. அம்மா எழுதுகிறார், கிழிக்கிறார், மறுபடி எழுதுகிறார் என்றாளாம். கடைசியில் கடிதம் வந்தபோது மருதமுத்து பிரிக்கப் பயந்து என்னிடம் கொடுத்தார். உரக்கப் படித்தேன்.

‘சம்பந்தி அவர்களுக்கு வணக்கம். வெள்ளை மை பூசியது யார் என்று கேட்க மாட்டேன். எனக்குக் காபி நீட்டிய மாப்பிள்ளையின் விரலிலேயே அது இருந்தது. என் வீட்டுக்காரர் இத்தனை வருடத்தில் ஒரு தொட்டியைக்கூட நகர்த்தியதில்லை. நீங்கள் அத்தனை நாள் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறீர்கள். தவறான இடத்துக்குத்தான், என்றாலும் நடந்திருக்கிறீர்கள். எப்போது நிறுத்த வேண்டும் என்று சம்பந்தியம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வீட்டில் இந்த இரண்டு பேரும் இருந்தால் போதும். வைகாசியில் நாள் பாருங்கள். பவித்ரா எங்கே உட்காருவது என்பதை மட்டும் அவளே பார்த்துக்கொள்வாள். காலண்டரில் குறிக்க வேண்டாம்.’

மருதமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிதத்தைத் திருப்பி வாங்கினார். நேராக அடுப்படிக்குப் போனார்.

“தொடாதே!” என்று பாப்பாவின் குரல் கேட்டது.

“தொடலடி. சேதி சொல்லிகினு இருக்கேன்.”

செலவுக் கணக்கில் கடைசி வரி: 31-1-2024 – சம்பந்தியின் கடிதம் – செலவு இல்லை.