மாயாண்டியை அடித்த பட்டியல்

முதல் மேட்சிலேயே ஐந்து கோல் வாங்கிக்கொண்டு திரும்பிய வருஷத்துக்கு அடுத்த சீசன் அது. யுத்தத்துக்கு முந்தைய காலம். தேனியில் ஒரு ஜின்னிங் பாக்டரியில் நான் டைம் கீப்பர். புட்பால் டீம் செக்ரட்டரி வேலையும் என் தலையில்தான்.

மானேஜர் கூப்பிட்டார். "என்னய்யா டீம் வச்சிருக்கீரு? இந்த வருஷமும் மொத மேட்ச்ல தோத்தீருன்னா டீமைக் கலைச்சிருவேன். அதுக்காகக் குடுத்த சனிக்கிழமை அரை நாள் லீவும் போயிரும்."

அந்த அரை நாள் பாக்டரி முழுவதுக்குமானது. எனவே ஆட்களை ஒவ்வொருவராக எடைபோட்டு நோட்டில் எழுதினேன்.

கோல்கீப்பர் சவரிமுத்து, ராயப்பன்பட்டிக்காரர்: நல்ல கை. மேகம் கூடினால் பந்தை விட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பார்.

சென்டர் பார்வேடு கருப்பையா: பூட்ஸ் போட மாட்டார். வெறுங்காலால் அடித்தாலே கோல் கம்பம் ஆடும். இவரை நம்பித்தான் டீம்.

லெப்ட் பேக் மாயாண்டி: நாற்பது தாண்டியவர், தொந்தி. எதிராளி தாண்டிப் போன பிறகு "ஏலே, நில்லுடா!" என்று கூப்பிடுவதுதான் இவருடைய தடுப்பு.

மாயாண்டியின் பெயரை ரூல் தடி வைத்துச் சிவப்பு மையால் அடித்தேன். அவருக்குப் பதிலாக, மெஷின் ரிப்பேர் பார்க்கும் பிட்டர் ஒருவரைச் சேர்த்தேன்.

சனிக்கிழமை பயிற்சிக்குக் கருப்பையா வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. மேட்சுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வீரபாண்டிப் பக்கம் அவர் வயலுக்கே போனேன். மடையருகே மண்வெட்டியோடு நின்றார். அடுத்த வயல் வரப்பில், இன்னொரு மண்வெட்டியோடு, மாயாண்டி.

"என்னப்பா இது?"

"சனிக்கெழம எங்க ரெண்டு வயலுக்கும் மொறத் தண்ணி விட்டிருக்காக, ரைட்டரய்யா."

"போன வருஷமும் சனிக்கிழமைதானே முறை? அப்ப வந்தியே?"

"அப்ப அவனும் வந்தான்ல. ரெண்டு பேரும் அங்கன பந்தாடுனா தண்ணி அது பாட்டுக்குப் பாயும். இப்ப நான் மட்டும் போனா, மடையத் தன் வயலுக்குத் திருப்பிருவான்."

வரப்பிலிருந்து சத்தம் வந்தது. "ஏலே, திருப்புறது ஒங்க வீட்டுப் பழக்கம்டா! என்னையத்தான் வேண்டாம்னு அடிச்சிட்டாகள்ல? இனி நான் எங்கிட்டும் நகர மாட்டேன்!"

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "கருப்பையா, உன் பெண்சாதியைக் காவலுக்கு வச்சிட்டு வாயேன்."

"அவ அவனுக்குக் கூடப்பிறந்த தங்கச்சிங்கய்யா."

பட்டியலை முதலிலிருந்து திருத்தி எழுதினேன். மானேஜர் பார்த்ததும் குதித்தார். "இந்தத் தொந்திய எதுக்குய்யா திரும்பச் சேர்த்தீரு?"

"இவர் வந்தாத்தான் சார் கருப்பையா வருவார்."

மேட்சன்று இருவரும் ஒரே மாட்டுவண்டியில், பேசிக்கொள்ளாமல் வந்து இறங்கினார்கள். நாங்கள் வாங்கிய இரண்டு கோலும் மாயாண்டியைத் தாண்டித்தான் போயின. கருப்பையா மூன்று போட்டார். அரை நாள் லீவு பிழைத்தது.

டீம் பொறுக்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். பெயர், இடம், வயது, ஓட்டம் என்று நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். நான் அந்த வருஷம் முதல் ஐந்தாவதாக ஒன்றும் போட்டு வந்தேன்: பக்கத்து வயல் யாருடையது.