ஞானப்பூ கடைக்கு நேரே ஒரு திறப்பு

ஞானப்பூவுக்குப் பொறுமை என்பது பிறந்தபோதே கிடையாது. பருத்திப்பாலை ஆறவிடக்கூட மனம் வராது. கொதிக்கக் கொதிக்க டம்ளரில் ஊற்றி நீட்டி, "குடிச்சிட்டு நகருங்கய்யா" என்பாள். மல்லாங்கிணற்றிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், வந்த சூட்டோடு மாமியாரின் பருத்திப்பால் கடையையும் தன் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

அப்படிப்பட்டவளின் கடைத்தெருவைத்தான் நகராட்சியில் சீரமைக்கக் கிளம்பினார்கள். முதலில் தெருவை அகலமாக்குவோம் என்றார்கள். பிறகு நடைபாதை என்றார்கள். நடைபாதையில் செடி வைப்பதா பெஞ்சு போடுவதா என்று ஒரு வருஷம் பேச்சு நடந்தது. செடிக்குத் தண்ணீர் யார் ஊற்றுவது என்று ஒருவர் கேட்டார். குடிதண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிற ஊரில் அது நியாயமான கேள்விதான். கடைசியில் செடியும் வரவில்லை, பெஞ்சும் வரவில்லை. தெருமுக்கில், பொன்னுச்சாமியின் சேவுக்கடைக்கு எதிரே, மழைத்தண்ணீர் ஓடும் வாறுகாலுக்காக ஒரு பெரிய குழி வந்தது. வந்த குழி போகவில்லை.

"இந்தக் குழிக்குப் பேரு வச்சுக் காது குத்திரலாம்" என்று அதிகாரிகளின் காதில் விழும்படி ஞானப்பூ சொல்வாள்.

அடுத்த வரைபடத்தில் தெரு நடுவே ஒரு தடுப்புச்சுவர் முளைத்தது. அவளுக்கு வியாபாரமே எதிர்ச்சாரியில் பஸ்ஸைவிட்டு இறங்கிக் குறுக்கே வருகிறவர்களால்தான். சுவர் வந்தால் ஒரு டம்ளர் பருத்திப்பாலுக்காக எவன் தெருவைச் சுற்றி வருவான்? அடுப்பை அணைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். சுவரில் ஒரே ஒரு திறப்பு விடுவதாகச் சொல்லி, அது எங்கே என்று கேட்கக் கூட்டம் போட்டார்கள். ஆளாளுக்குத் தன் வாசலைக் காட்டினார்கள். எஞ்சினியர் வெறுத்துப்போனார்.

"வழக்கமா சாமி காரியம் எந்த எடத்துல நடக்குதோ அங்க விடுவோம். அப்பறம் யாரும் பேசக் கூடாது" என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். இந்தச் சீமையில் சாமி காரியம் ஓரிடத்தில் ஒரு வருஷம் நடந்தால் அது தற்செயல். இரண்டாம் வருஷமும் நடந்துவிட்டால் ஊர் வழக்கம். அதில் கை வைக்க எந்த அதிகாரிக்கும் துணிச்சல் வராது.

பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரி எடுத்து வரும் பெண்கள் முக்கில் பாரிகளை இறக்கி வைத்து, சுற்றிக் கும்மி அடிப்பார்கள். போன பங்குனியில் முக்கில் குழி இருந்ததால், அவர்களை நடத்தி வந்த முனீஸ்வரி ஞானப்பூ கடை முன்னால் இறக்கச் சொன்னாள். ஞானப்பூ சர்ச்சுக்குப் போகிற வேதக்காரிதான், ஆனாலும் வாசல் தெளித்து இடம் கொடுத்தாள். இன்னும் ஒரு பங்குனி அங்கேயே நடந்தால் திறப்பு அவளுக்குத்தான். அதற்குக் குழி மூடாமல் இருக்க வேண்டும்.

அதுவரை குழியைச் சபித்தவள், அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றிக் குழியைக் காப்பாற்றச் சொல்லி வேண்டிக்கொண்டாள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவரிடம் அப்படியொரு வேண்டுதலை யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

கெட்ட நேரம், அந்த மாசியில்தான் வேலைக்கு வேகம் பிறந்தது. ஜல்லி இறங்கியது, சிமெண்டு இறங்கியது. குழி மூடப்போகிறது என்று ஞானப்பூவுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"எனக்கு ஒரு சந்தேகம். இந்த வாறுகால் தண்ணி கிழக்க போகுமா, மேக்க போகுமா?"

அவளுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. கூட்டத்தில் மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதுதான் அவள் போட்ட கணக்கு. பாதிப் பேர் கிழக்கு என்றார்கள், பாதிப் பேர் மேற்கு என்றார்கள். மழை எட்டிப் பார்க்காத ஊரில் தண்ணீர் போகும் திசைக்காக நாற்காலிகள் உருண்டன. மறுபடி அளந்து பார்க்கும்வரை வேலையை நிறுத்தி வைத்தார்கள்.

பங்குனி வந்தது. குலவைச் சத்தத்தோடு பாரிகள் அவள் கடை முன்னால் இறங்கின. கும்மி சுழன்றபோது ஞானப்பூ கையில் கரண்டியோடு நின்று அழுதுவிட்டாள். திறப்பு கிடைத்த சந்தோஷம் பாதிதான். இத்தனை பெண்கள் தன் வாசலுக்கு வந்து ஆடுகிறார்களே என்கிற சந்தோஷம் மீதி. அதை அவளே எதிர்பார்க்கவில்லை.

திறப்பு அவள் கடைக்கு நேரே என்று வரைபடத்தில் ஏறியது. அதற்குள் அளந்தவர்களும் வந்து சேர்ந்தார்கள். தண்ணீர் கிழக்கேயும் போகாது, மேற்கேயும் போகாது, நடுவில் வந்து தேங்கும் என்றார்கள். நடு என்பது ஞானப்பூ கடை வாசல். முக்குக் குழியை மூடிவிட்டு அவள் வாசலில் தோண்டினார்கள். கேட்டது அவள்தான், யாரை நோவது?

அடுத்த பங்குனிக்கும் அந்தக் குழி அங்கேயே இருந்தது. பெண்கள் பழையபடி முக்குக்குப் போய்விட்டார்கள். சாமி காரியம் இடம் மாறிவிட்டதென்று எஞ்சினியர் வரைபடத்தில் திறப்பை அழித்துவிட்டு, வரும் பங்குனி வரை பார்க்கலாம் என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

முக்கிலிருந்து கும்மிச் சத்தம் கேட்டது. கடையில் ஈ, காக்கை இல்லை. ஞானப்பூவுக்குத் திறப்பு போனதைவிட அந்த வட்டம் போனதுதான் அதிகமாக வலித்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குழிமேல் கிடந்த பலகையில் நடந்து முக்குக்குப் போனாள்.

"வாங்க மதினி, உங்களத்தான் தேடுனேன்" என்று முனீஸ்வரி கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்துக்கொண்டாள். இரண்டு சுற்றில் ஞானப்பூவுக்கு அடி பிடிபட்டுவிட்டது.

சேவுக்கடைக்குள்ளிருந்து பொன்னுச்சாமி முகமெல்லாம் சிரிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு பங்குனி முக்கிலேயே நடந்தால் திறப்பு அவருக்குத்தான்.

"ஏ ஞானப்பூ, வார கூட்டத்துல எனக்கு ஒரு சந்தேகம் கேக்கணும். ஒன் வாசக் குழியப் பத்தி."

"கேளுங்கண்ணே, நல்லாக் கேளுங்க" என்று ஞானப்பூ தாளம் தப்பாமல் கைதட்டிக் குனிந்தாள். "இந்த முக்குல மூடுன குழியப் பத்தி எனக்கும் ரெண்டு இருக்கு."