பயன்பாடற்ற நிலம்

பிரதேச சபைச் சுவரில் ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைபடத்தை ஒட்டியிருந்தார்கள். கற்பிட்டிப் பக்கம் எங்கள் கரையில், அப்பாவின் படகு ஏறுகிற இடத்தில் மஞ்சள் பூசி, ‘பயன்பாடற்ற நிலம், வாகனத் தரிப்பிடத்துக்கு உகந்தது’ என்று எழுதியிருந்தது. நின்ற நிலையிலேயே முடிவெடுத்தேன்: இதை எழுதியவரை இந்தத் திட்டத்தைக் கொண்டே தலைகுனிய வைக்க வேண்டும்.

உள்ளே போய் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேட்டேன்.

“நேர்ல வந்து பாத்துத்தான் தங்கச்சி எழுதினது. ஒரு போட்டும் இல்ல.”

“எப்ப சேர் வந்தீங்க?”

“ஜூலையில.”

“கச்சான் காத்துக்குள்ள எந்த விசரன் சேர் இந்தக் கடல்ல இறங்குவான்? எல்லாரும் போட்டோட கிழக்குக் கரைக்குப் போயிருவாங்க. நீங்க பாத்தது பட்டம் கட்டி அலையில ஓடுற வெள்ளைக்காரரை.”

அவர் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். “இந்தப் பிள்ளைக்கு காத்தக் கேட்டுத்தான் பிளான் போடணுமாம்!”

அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் திட்டமிடல் படித்தவள் நான். திட்டம் என்றால் எனக்குப் பைத்தியம். அதனால் ஆத்திரம் இரட்டிப்பு.

கிழக்கே இருந்த அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“விடு பிள்ளை. அவங்களோட கொழுவினா கரையில இருக்க விடுவாங்களா?”

“விட்டா மட்டும்? ஒக்டோபர்ல வந்து போட்டை எங்க ஏத்துவீங்க, கார்களுக்கு மேலயா?”

“சரி. வந்து எல்லாரிட்டயும் சைன் வாங்கித் தாறன்.”

படகுகள் திரும்பியதும் நானே ஒரு வரைபடம் கீறினேன். பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு தாள். எந்தப் படகு எங்கே ஏறும், எவருடைய வலை எங்கே காயும், எல்லாம். பட்டக்காரர்களின் மாதங்களையும் விடவில்லை. பழி வாங்கினாலும் பிழையில்லாமல் வாங்க வேண்டுமே. அப்பா வாங்கித் தந்த கையெழுத்துகளையும் சேர்த்து, ஆட்சேபங்களுக்கான கடைசி நாளுக்கு முன்பே கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். தாள் கட்டைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

“இவ்வளவையும் யார் தங்கச்சி வாசிக்கிறது?”

“நீங்கதான் சேர்.”

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

வரும் செவ்வாய்க்கிழமை சபையில் திட்டத்தை எடுக்கிறார்கள். எங்கள் கரையிலிருந்து அன்று எவரும் கடலுக்குப் போவதில்லை. எல்லோரும் சபை மண்டபத்தில் இருப்பார்கள். பேசுவதற்கு எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. ‘பயன்பாடற்ற நிலம்’ என்ற அந்த வரியை எழுதியவரே உரக்க வாசிக்க வேண்டும் என்று தவிசாளரிடம் கேட்பேன். அவர் வாசித்து முடித்ததும், கையெழுத்துப் போட்டவர்களை ஒவ்வொருவராக எழுந்து நிற்கச் சொல்லப்போகிறேன்.