குகன் அண்ணைக்குக் கிடைக்காத சனிக்கிழமை

குகன் அண்ணை போய்விட்டார்.

சனிக்கிழமை காலை. மான் வேட்டை சீசன் தொடங்கும் சனிக்கிழமை. காட்டில் இல்லை... புவாண்ட்-கிளேர் வேர்ஹவுஸில், லோடிங் கதவுக்குப் பக்கத்தில், கையுறையைக்கூடக் கழற்றாமல் விழுந்திருக்கிறார். ஹார்ட் அட்டாக்.

இந்தப் பக்கத்தில் இருக்கும் நண்பர்கள் பலருக்கு அவரைத் தெரியாது. மாஸ்டர்ஸ் படித்தபோது நான் அந்த வேர்ஹவுஸில் பகுதி நேரமாகப் பெட்டி ஒட்டினேன். அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். யாழ்ப்பாணத்துக்காரர், பியர்பொன்ட்ஸில் வீடு. எல்லோருக்கும் அண்ணை. கோயம்புத்தூர்க்காரியான எனக்கும் அண்ணை.

எனக்குத் தெரிந்து நம் ஆட்களில் குடும்பத்தோடு மான் வேட்டைக்குப் போகிறவர் அவர் ஒருவர்தான். கோயிலில் வைத்தே கேலி செய்வார்கள். "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனீர், இஞ்ச வந்து துவக்கு வாங்கியிருக்கிறீர்!"

துவக்கு என்றால் துப்பாக்கி. அண்ணை கோபப்பட மாட்டார். "அங்க அது என்னைத் துரத்தினது. இஞ்ச ஒருக்கா நான் துரத்திப் பாக்கிறன், விடுங்கோவன்."

இத்தனைக்கும் ஒரு மானைக்கூட அவர் சுட்டதில்லை.

போன வருடம் ஓப்பனிங் வீக்கெண்டுக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். அண்ணை, அவர் மனைவி சுகந்தி அக்கா, மகள் அபிரா. வேனில் ஏறியதுமே எனக்கு மூக்கு எரிந்தது. ஆரஞ்சு நிற வேட்டை ஜாக்கெட்டுகளை அக்கா பட்டுச்சேலைகளோடு சேர்த்துப் பூச்சி உருண்டை போட்டு அலமாரியில் வைத்திருந்திருக்கிறார்.

"சுகந்தி, மான் எவ்வளவு தூரத்தில இருந்தே மணந்து பிடிக்கும் எண்டு தெரியுமே?"

"பூச்சி அரிச்ச ஜாக்கெட்டோட போனா மட்டும் மான் வந்து கும்பிடுமே?"

"நாங்கள் நாலு பேரும் அலுமாரி மாதிரி மணக்கிறம்" என்றாள் அபிரா, பிரெஞ்சில் ஒரு தரம், எனக்காகத் தமிழில் ஒரு தரம்.

வழியில் டெப்பனர் என்கிற சின்ன மளிகைக்கடை ஒன்றின் வாசலில் மானுக்குத் தீனியாக விற்கும் கேரட் மூட்டை வாங்கினோம். அக்கா ஒன்றை எடுத்துத் துடைத்துக் கடித்துப் பார்த்தார். "இவ்வளவு நல்ல கரட்டைக் கொண்டுபோய்க் காட்டில கொட்டுறதோ?" பாதி மூட்டை சம்பலுக்கு என்று வேனிலேயே தங்கிவிட்டது.

மீதியைக் காட்டில் கொட்டிவிட்டுப் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தோம். ஒரு மானும் வரவில்லை. பொழுது சாய்ந்தபின் சுடக்கூடாது, அது சட்டம். அண்ணை துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஜாக்கெட்டுகளை வேனுக்குள் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு, புட்டும் மீன்குழம்பும் சாப்பிட ஆரம்பித்தோம்.

அப்போது வந்து நின்றது. பெரிய கொம்பு. எங்களைப் பார்த்துக்கொண்டே கேரட்டைத் தின்றது...

"அசையாதேங்கோ" என்றார் அண்ணை, உதடு மட்டும் அசைய. பிசைந்த புட்டு அவர் கையிலேயே இருந்தது.

அது போனபிறகு அபிராவின் தோளைத் தட்டினார். "வாற வருசம் நீயும் துவக்கு பிடிக்கலாம். முதல் வெடி உனக்குத்தான்."

பன்னிரண்டு வயதானால் இங்கே பிள்ளைகள் பெரியவர்களோடு சேர்ந்து வேட்டையாடலாம். அபிராவுக்கு இந்த வருடம் பன்னிரண்டு. வகுப்புக்குப் போய் சர்டிபிகேட்டும் எடுத்துவிட்டாள்.

அண்ணை கோடையிலேயே லீவு கேட்டார். சூப்பர்வைசர் சிரித்தானாம். "உங்க ஆளுங்க வெறும் காய்கறிதானே சாப்பிடுவீங்க?" பிறகு சீரியஸாக, அந்த வீக்கெண்ட் வேட்டைக்குப் போவது தங்கள் குடும்ப வழக்கம், கண்டவருக்கெல்லாம் தர முடியாது என்றானாம்.

"எனக்கும் குடும்பம் இருக்கு, முசியே எண்டு சொன்னன் தங்கச்சி." முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. ஃபோனில் இதை ஒரு ஜோக்காகத்தான் என்னிடம் சொன்னார்.

நான் கத்தினேன். "சும்மா விடாதீங்க அண்ணை. கம்ப்ளைண்ட் குடுங்க."

"விடுங்கோ. ஞாயிறு போவம். மானுக்குச் சனி ஞாயிறு தெரியுமே?"

அவர் விழுந்தபோது சூப்பர்வைசர் காட்டில். அவன் தம்பி காட்டில். தம்பி மகனும் காட்டில். ஃபோன் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், சிக்னல் இல்லை. சூப்பர்வைசர் சொல்லாமல் கன்வேயர் பெல்ட்டை நிறுத்த அங்கே யாருக்கும் உரிமை கிடையாதாம். ஆம்புலன்ஸ் உள்ளே வரும்வரை பெட்டிகள் ஓடிக்கொண்டே இருந்திருக்கின்றன. இன்னும் அங்கே வேலை செய்யும் ஒருத்தி அழுதுகொண்டே சொன்னாள்.

யாரிடம் போய்க் கேட்பது? ஹார்ட் அட்டாக் எங்கேயும் வரும் என்பார்கள். வரும்தான். காட்டிலும் வந்திருக்கும். பக்கத்தில் அபிரா இருந்திருப்பாள்.

நேற்று ஞாயிறு. வீட்டுக்குப் போனேன். கேலி செய்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நல்ல மனுசன், நல்ல மனுசன் என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள்.

வீட்டுக்குப் பின்னால் துணிக்கொடியில் ஆரஞ்சு ஜாக்கெட்டுகள் தொங்கின. இந்த முறை அக்கா பூச்சி உருண்டையே போடவில்லையாம். வாசனை போகட்டும் என்று அண்ணைதான் வெளியே காற்றில் போட்டிருக்கிறார். உள்ளே எடுக்க யாருக்கும் கை வரவில்லை.

அக்கா என் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போனார். அபிராவின் சின்ன ஜாக்கெட்டின் கையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மணந்து பாருங்கோ தங்கச்சி. இன்னும் மணக்குதோ?"

முகர்ந்து பார்த்தேன். குளிர் மட்டும்தான்.

"இல்லக்கா."

"அப்ப இண்டைக்கு மான் வந்திருக்கும், என்ன?"

"வந்திருக்கும்க்கா..."

போய்ட்டு வாங்க அண்ணை.