என்றென்றும் என்று அச்சடித்த பேனர்

கடைசியாக நானும் அப்பாவும் சேர்ந்து செய்த வேலை, ஒரு பிளக்ஸ் பேனரைத் துடைத்தது. சனிக்கிழமை மதியம், அவருடைய பட்டறையில். பத்தடிக்கு ஆறடி. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துத் தரையில் விரித்தோம். ஐந்து வருடமாக அது கார்களைத் தூசி படாமல் மூடிவைத்த பேனர். அதன்மேல் சிந்தாத நிறம் இல்லை. தின்னர் போட்டால் அச்சும் சேர்ந்து போய்விடும் என்று அப்பா மண்ணெண்ணெயையும் சோப்புத் தண்ணீரையும் மட்டும் அனுமதித்தார். தேய்க்கத் தேய்க்க முதலில் ஒரு பெண்ணின் பல்வரிசை வந்தது. பிறகு அவள் கையில் ஒரு போன். பிறகு எழுத்து: “வரம்பே இல்லை! என்றென்றும்!”

‘என்றென்றும்’ மேல் அப்பா விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை தேய்ப்பும்.

என் பக்கத்து மூலையில் ஒரு சாண் அளவுக்குச் சாம்பல் நிற பிரைமர் பூச்சு படிந்திருந்தது. தேய்க்க ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

“அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?” என்று கேட்டார்.

“போகாதுப்பா. பிடிச்சுப்போச்சு.”

அவர் எழுந்து வந்தார். அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். தன் முனைக்குத் திரும்பிப் போனார்.

‘கேட்டார்’ என்று எழுதினாலும் அவர் வாயால் கேட்கவில்லை. அப்பாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. கையால்தான் பேசுவார். அதை நான் பேச்சுத் தமிழில் எழுதுகிறேன். அவர் கையில் இருந்த கிண்டலுக்கு அதுதான் ஓரளவு கிட்டே வருகிறது.

அப்பா டிங்கர். இடிபட்ட கார்களின் தகட்டைத் தட்டி நிமிர்த்தி, பள்ளத்தை நிரப்பும் பட்டி பூசித் தேய்த்து, பக்கத்துப் பட்டறை பெயின்டரிடம் ஒப்படைப்பார். கண்ணை நம்ப மாட்டார். கதவின்மேல் உள்ளங்கையை வைத்து ஒரு இழுப்பு இழுப்பார். அரை மில்லிமீட்டர் பள்ளம் இருந்தாலும் கை நின்றுவிடும். கல்லூரியில் படிக்கும்போது கடிகாரம் மாதிரி முள் ஓடும் ஒரு டயல் கேஜ் கொண்டுவந்து அளந்து பார்த்தேன். அவர் காட்டிய நாலு இடமும் சரி. “இப்ப உன் கடிகாரத்துக்குத் திருப்தியா?” என்றார்.

பெயின்டர் அண்ணன் அவரைப் பற்றி வருகிறவர்களிடம் சொல்வது ஒன்றுதான்: “டிங்கரு சுத்தியலெடுத்தா காது போறது எனக்கு. அவருக்கென்ன, மகராசன்.”

அப்பா படித்தது காது கேளாதோர் பள்ளியில், ஐந்தாவது வரை. விடுதியில் அவர்கள் ஒருவருக்கொருவர் வைத்துக்கொண்ட பெயர்கள் கையில்தான் இருக்கின்றன. மூடிய முட்டியை உள்ளங்கையால் ஒருமுறை தடவினால் அப்பா. மூக்கைக் கிள்ளினால் அவருடைய உயிர் நண்பர். எனக்கு அவர் மூக்கு மாமா, வேறொரு ஊரில் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறார். தாடையில் ஒரு கோடு இழுத்தால் நான். சின்ன வயதில் பம்பரில் மோதி விழுந்த தழும்பு.

அந்த விடுதிக் கூட்டத்தில் ஏழு பேர், ஏழு ஊரில். வரம்பில்லா டேட்டா என்று ஒன்று வந்ததும் அவர்களுக்கு விடுதி திரும்பக் கிடைத்தது. அப்பா ஒரு பழைய பம்பர் கம்பியைத் தட்டி வளைத்து போனுக்கு ஸ்டாண்டு செய்தார். முகமும் இரண்டு கையும் தெரிகிற உயரம். காலை ஒன்பது மணிக்கு ஏழு பேரும் வீடியோவில் வந்தால் சாயந்தரம் வரை அணைக்க மாட்டார்கள். எந்நேரமும் பேச்சு என்றில்லை. ஒருவர் தைத்துக்கொண்டிருப்பார், ஒருவர் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருப்பார், அப்பா பட்டி பூசிக்கொண்டிருப்பார். யாருக்காவது ஏதாவது தோன்றினால் கையை ஆட்டுவார். மற்ற ஆறு பேரும் வேலையை நிறுத்துவார்கள். சண்டை போடுவார்கள், பொய் சொல்வார்கள், நாற்பது வருடத்துக்கு முன் யார் யாருடைய சோப்பைத் திருடினார் என்று வழக்கு நடத்துவார்கள்.

அம்மாவுக்குக் காது கேட்கும். இது பிடிக்காது. “விடிஞ்சா அந்த ஆறு பேர் மூஞ்சி. எங்கிட்டப் பேசறது ‘பசிக்குது’, ‘போதும்’, ரெண்டே ரெண்டு. இதுக்கு எதுக்குக் கல்யாணம்?” என்பாள். நான் அதைக் கையில் சொன்னால் அப்பாவின் பதில்: “முப்பது வருஷமாச்சு, உங்கம்மா கையில இன்னும் எழுத்துப்பிழை. அதான் சுருக்கமா முடிச்சுக்கறேன்.”

போன வருடம் ஒரு புதன்கிழமை குறுஞ்செய்தி வந்தது. அப்பா எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். “அன்பார்ந்த வாடிக்கையாளரே! உங்கள் அனுபவத்தை மேலும் மேம்படுத்தும் பொருட்டு...” மேம்பாடு இதுதான்: ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. அதற்குமேல் வேகம் அறுபத்து நாலு கிலோபிட்.

நான் நெட்வொர்க் என்ஜினியர். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அறுபத்து நாலில் குரல் தட்டுத்தடுமாறிப் போய்ச் சேரும். கை போகாது. கையால் பேசுவது புரிய, நொடிக்குப் பதினைந்து படமாவது வேண்டும். பட்டறையில் உட்கார்ந்து அளந்தேன். மூன்று நொடிக்கு ஒரு படம் வந்தது. ஒன்றரை ஜிபி தினமும் பதினொன்றரைக்குத் தீர்ந்தது. பதினொன்றரைக்கு அப்பாவின் கை பாதி வாக்கியத்தில் நின்றுவிடும். காது கேட்பவர்களுக்குச் சொல்வதென்றால், பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவன் பின்னாலிருந்து வந்து வாயைப் பொத்துவான். தினமும், அதே நேரத்துக்கு.

எழுதி அனுப்பலாமே என்று கேட்ட எல்லோருக்கும் பதில்: எழுத்து அவர்களுக்கு இரண்டாம் மொழி, அதுவும் ஐந்தாவதோடு நின்றது. சோப்புத் திருட்டு வழக்கை அதில் நடத்த முடியாது. வேறு கம்பெனிக்கு மாறலாமே என்றால், இரண்டு மாதத்துக்குள் எல்லாக் கம்பெனியும் இதையே செய்தன. பேசி வைத்துக்கொண்டு செய்தார்களோ என்று சந்தேகப்படக்கூட அவர்கள் நேரம் தரவில்லை. பட்டறைக்குக் கேபிள் இழுக்க இடத்துக்காரர் விடவில்லை. கூடுதல் டேட்டா வாங்கித் தருகிறேன் என்றேன். அப்பா கத்தினார். அவர் கத்தினால் கை காற்றை அறையும். “எனக்கு ஒருதடவை வித்த பொருளை எங்கிட்டயே திரும்ப விப்பானா? வாங்கறதுக்கு நான் என்ன கேனையா?”

ஷோரூமுக்குப் போனோம். டோக்கன் எடுத்து, நாற்பது நிமிடம் காத்திருந்து, கவுண்டரில் உட்கார்ந்தோம். டை கட்டிய பையன் என்னைப் பார்த்துப் பேசினான்.

“சார் என்ன சொல்றாரு மேடம்?”

“அவரைப் பாத்துக் கேளுங்க. நான் சொல்றேன்.”

அவன் அப்பா பக்கம் திரும்பிக் குரலை ஏற்றினான். “சார்! நீங்க கவலையே படாதீங்க! புது பிளான்ல உங்களுக்குக் கால் அன்லிமிடெட்! எந்த நெட்வொர்க்குக்கு வேணாலும், எவ்ளோ நேரம் வேணாலும் பேசலாம்!”

அதை அப்படியே கையில் சொன்னேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை.

அப்பா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம், “எனக்குக் காதுதான் இல்ல. இவனுக்கு என்ன இல்லைன்னு கேளு.”

கேட்டேன். பையனுக்கு முகம் சிவந்தது. “மேடம், சிஸ்டத்துல என்ன காட்டுதோ அதான் நான் சொல்ல முடியும். சார் மாதிரி ஹெவி யூசருங்களாலதான் மத்த கஸ்டமருக்கு ஸ்பீடே கெடைக்கல.”

“உங்களாலதான் ஊருக்கே ஸ்லோவாம்ப்பா.”

“ஆறு பேரோட பேசறது ஹெவியா? இவன் பொண்டாட்டி பாதி பேசும்போது இப்படித்தான் வாயை அடைப்பானா?”

அதையும் சொன்னேன். பக்கத்துக் கவுண்டரில் ஒரு பெண்மணி சிரித்துவிட்டாள்.

“மேடம், பிளான் மாறத்தான் செய்யும். நாங்க எந்தக் காலத்துலயும் என்றென்றும்னு யாருக்கும் சொன்னதில்லையே.”

அதைக் கையில் சொன்னபோது அப்பா என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன். அப்போது அவருக்குப் பேனர் நினைவு வரவில்லை.

இணையத்தில் புகார் கொடுத்தேன், மூன்று முறை. மூன்று முறையும் படிவத்தில் எழுதினேன்: ‘வாடிக்கையாளருக்குக் காது கேட்காது. குறுஞ்செய்தியில் மட்டும் தொடர்புகொள்ளவும்.’ மூன்று முறையும் போன் செய்தார்கள். பதிவு செய்த எண்ணைத் தவிர வேறு எண்ணுக்குப் பேச மாட்டார்களாம். போன் மேசையில் அதிரும். அப்பா எடுத்து, திரையைப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டுக் கீழே வைப்பார். கொஞ்ச நேரத்தில் செய்தி வரும்: “வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள இயலவில்லை. உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.”

தீர்க்கப்பட்டது. இந்தச் சொல்லை எழுதிக் கொடுத்தவன் யார் என்று தெரிந்தால் தேவலை.

மூன்றாவது புகாரும் ‘தீர்ந்த’ வெள்ளிக்கிழமை, ஒரு வெள்ளைக் காரின் மேலிருந்த பேனரை அப்பா உருவினார். உருவியவர் அப்படியே நின்றுவிட்டார். பெயின்ட் சொட்டுகளுக்கு நடுவில் ஒரு ‘எ’வும் இரண்டு ‘ன்’னும் தெரிந்தன. ஐந்து வருடத்துக்கு முன் அந்த ஷோரூம் வாசலில் கட்டியிருந்து, கழற்றிப் போட்டபோது அவரே கேட்டு வாங்கி வந்தது. எனக்கு வீடியோவில் வந்தார். காலை பத்தரை மணி, டேட்டா இருந்தது. “நாங்க எப்பவும் சொன்னதில்லன்னானே, அவன் வாயிலயே இதைத் திணிக்கறேன்.”

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஷோரூம். ஆறு நண்பர்களும் ரயிலில் வருகிறார்கள். பேனரை நடுக் கூடத்தில் விரித்துப் பிடிப்பது. அதில் ஒரு சிக்கல் என்றார். “எங்காளுங்க ரெண்டு பேர் பிடிச்சா அந்த ரெண்டு பேருக்கும் பேச்சு போச்சு. நீயும் பெயின்டரும் பிடிங்க. காது கேக்கறவங்களுக்குத்தான் கை சும்மா கெடக்கு.”

“என்னையும் கோத்துவிட்டாரா டிங்கரு?” என்றார் பெயின்டர் அண்ணன். ஆனால் திங்கட்கிழமைக்கு வேலை எடுக்கவில்லை.

சனிக்கிழமை பேனரைத் துடைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வெள்ளைக் காரை முடிக்கப் பட்டறைக்குத் தனியாகப் போனார். மதியம் மூன்று பத்துக்கு எனக்கு வீடியோ அழைப்பு வந்தது. எடுத்தேன். ஒரே ஒரு படம், அசையாமல்: பட்டறையின் தகரக் கூரை, ஓரத்தில் அவருடைய உள்ளங்கை பாதி. டேட்டா தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். தினமும் நடப்பதுதானே. ஏழு நொடி காத்திருந்து துண்டித்தேன். ‘டேட்டா தீர்ந்துபோச்சு. வீட்ல பேசிக்கலாம்’ என்று செய்தி அனுப்பினேன்.

நாலு மணிக்குப் பெயின்டர் அண்ணன் போய்ப் பார்த்தபோது அப்பா காருக்குப் பக்கத்தில் கிடந்தார். மாரடைப்பு. முன்பே தெரிந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது என்றார் டாக்டர். நம்புகிறேன். கம்பெனி கொன்றது என்று எழுத மாட்டேன். அவர் கடைசியாகச் சொன்னது என்ன என்பது எனக்கு வந்து சேரவில்லை என்று மட்டும் எழுதுவேன். அந்த நேரத்தில் அவர் கணக்கில் அளவில்லாத குரல் அழைப்புகள் இருந்தன.

மூக்கு மாமாவுக்கு நான்தான் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நிதானமாகத் திரையைப் பார்த்தார். அப்பாவின் பெயரைச் சொன்னேன், முட்டியின் மேல் உள்ளங்கை. அடுத்த சொல்லுக்குக் கை போகும்போது படம் உறைந்தது. அவர் பக்கம் டேட்டா முடிந்திருந்தது. நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், போகாது என்று தெரிந்தும். இருபது நொடி கழித்து அவர் படம் ஒன்று வந்தது. கை இப்படி இருந்தது: “உன் முகம் போதும்.”

திங்கட்கிழமை ஆறு பேரும் வந்தார்கள். அதே ரயில், அதே டிக்கெட். அன்று மதியம் அப்பாவை அடக்கம் செய்தோம்.

வியாழக்கிழமை அப்பாவின் போன் அடித்தது. எடுத்தேன்.

“வணக்கம் சார், நீங்க குடுத்த புகாரை மறுபடி ஓப்பன் பண்ணியிருக்கோம், அது சம்பந்தமா...”

“அவருக்குக் காது கேக்காது. மூணு தடவை எழுதியிருக்கேன்.”

“சாரி மேடம். சார் எப்ப ஃப்ரீயா இருப்பாருன்னு சொன்னா அப்பக் கூப்பிடறோம்.”

“அவர் இறந்துட்டார்.”

அந்தப் பெண்ணுக்குப் பின்னால் இருபது குரல்கள் இருபது பேருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தன.

“ரொம்ப வருத்தமா இருக்குங்க மேடம். அப்ப புகாரை க்ளோஸ் பண்ணிக்கலாங்களா?”

“பண்ணக்கூடாது.”

“இல்லங்க மேடம், வாடிக்கையாளரே லைன்ல பேசினாத்தான் ஓப்பன்ல வைக்க முடியும்.”

பத்து நிமிடத்தில் செய்தி வந்தது. தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் அளியுங்கள்.

அம்மா எட்டிப் பார்த்தாள். “யாருடி?”

“கம்பெனி.”

“இருந்தப்ப ஒருத்தி எழுதல. செத்தப்புறம் குசலம் விசாரிக்கறாளுங்களா?” என்றாள். போனை என் கையிலிருந்து பிடுங்கி, பட்டறையிலிருந்து எடுத்துவந்திருந்த பம்பர் கம்பி ஸ்டாண்டில் வைத்து வீடியோவைத் திறந்தாள். மணி பத்து. ஆறு பேரும் திரையில் இருந்தார்கள். அம்மா கையைத் தூக்கி ஏதோ சொல்லப் பார்த்தாள். பிழையாகத்தான் வந்தது. யாரும் திருத்தவில்லை.

சனிக்கிழமை பட்டறையைத் திறந்தோம். வெள்ளைக் காரின் கதவில் பட்டி பாதியில் நின்றிருந்தது.

“பாப்பா, வண்டி மேல தூசி விழுது. அந்தப் பேனரை எடுத்து மூடட்டுமா?” என்றார் பெயின்டர் அண்ணன்.

“வேண்டாம்ண்ணே.”

அது சுருட்டி, கயிறு கட்டி, வாசலோரம் சாய்த்து வைத்தபடி இருந்தது. பிரித்து என் மூலையை மட்டும் வெளியே எடுத்தேன். மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். பிரைமர் மூன்றாவது தேய்ப்பில் போய்விட்டது. அவர் உள்ளங்கை வைத்தபோதே போகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அடியில் நான் அன்று பாதி பார்த்த எறும்பு எழுத்து: ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது. முன்னறிவிப்பின்றி மாற்றப்படலாம்.’ டை கட்டிய பையன் முதலில் விரல் வைக்கப்போகிற இடம் அதுதான். அதனால்தான் அன்று தேய்க்காமல் விட்டேன். அவரிடம் நான் கடைசியாகச் சொன்ன பொய் அது.

மூலையில் புது பிரைமரைத் தடவிவிட்டு, திரும்பச் சுருட்டிக் கயிறு கட்டினேன்.

ஷட்டரை இறக்கினால் அதன் உள்பக்கத்தில் அப்பாவின் வேலைப் பட்டியல் தெரியும். எழுத மாட்டார், சாக்பீசில் படம் போடுவார், முடிந்ததைக் குறுக்கே அடிப்பார். பட்டி டப்பா, அடித்திருந்தது. வலப்பக்கக் கண்ணாடி, அடித்திருந்தது. மூன்றாவது, கயிறு கட்டிய ஒரு சுருள். அதன் ஒரு பக்கத்தில் தாடைக் கோட்டோடு ஒரு ஆள். மறுபக்கத்தில் கையில் பிரஷ்ஷோடு இன்னொரு ஆள். அது அடிக்கப்படவில்லை.