நடுவில் நின்றவர்கள் எத்தனை பேர்?

என் அண்ணன் மகள் லோகப்பிரியா எந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டும் என்பதை, அவளைத் தவிர மற்ற எல்லாரும் சேர்ந்து ஒரு கல்யாணப் பந்தியில் முடிவு செய்துவிட்டார்கள். அண்ணன் செங்கோடனுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர் கிருபாசங்கர். பைபாஸ் ஓரத்தில் கண்ணாடிக் கட்டடமாக ஒரு தனியார் பல்கலைக்கழகம் நடத்துகிறவர். எங்கள் கூட்டத்துக்காரர், அதாவது குலத்தால் பங்காளி.

"புள்ளைய நம்ம காலேஜ்லயே சேத்திப்போடுங்கண்ணா" என்றார் அவர்.

"சரிங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அண்ணன் ரசத்துக்குக் கை நீட்டினார். அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் ஒரு கார் வாங்க வேண்டுமென்றால் ஊரில் உள்ள ஷோரூம் எல்லாம் ஏறி இறங்குவார்கள். காலேஜ் என்றால் மட்டும் பங்காளி ஒருத்தர் இருந்தால் போதும். எனக்கு இதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

லோகப்பிரியாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பி.காம். முடித்துவிட்டு, சூலூருக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லின் டைம் ஆபீஸில் வேலை பார்த்தாள். ஆட்கள் வருகை, சம்பளம், லீவு எல்லாம் அங்கேதான். யாராவது கணக்கு முடித்துக் கொடுங்கள் என்று வந்து நின்றால், மற்றவர்கள் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவார்கள். இவள் மட்டும் உட்காரவைத்து, "ஏன் போறீங்க?" என்று கேட்பாள். ஒருமுறை ஒரே ஹாஸ்டல் அறையிலிருந்த ஏழு பெண்கள் ஒன்றாக வந்து, ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். ஏழு அம்மாவுக்கும் ஒரே நாளில் காய்ச்சலா? இவள் ஹாஸ்டலுக்கே போய்ப் பார்த்தாள். இரண்டாவது ஷிப்ட் முடிந்து வரும்போது குளிக்கத் தண்ணீர் இருப்பதில்லை. அதைச் சொல்ல அந்தப் பெண்களுக்குக் கூச்சம். மில்காரர்கள் இன்னொரு தொட்டி வைத்தார்கள். ஏழு பேரும் வேலையை விடாமல் தங்கிவிட்டார்கள்.

அதற்கப்புறம்தான் மனிதவள மேம்பாட்டில் முதுகலை படிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். "மனுசன மேம்படுத்த ஒரு படிப்பா?" என்று அண்ணன் சிரித்தார். ஆனாலும் இறங்கி வந்தார். இரண்டே வருடம், அதற்குப் பிறகு கல்யாணம் என்று பேச்சு. வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போகிறவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாய்ப்பு. தப்பான இடத்தில் சேர்ந்தால் வேலையும் போச்சு, படிப்பும் போச்சு.

"அவரு காலேஜு, அந்தப் பழைய யுனிவர்சிட்டி, ரெண்டு எடத்தையும் பாத்துட்டுச் சேர்றனுங்கப்பா. ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன்" என்றாள்.

"பங்காளிகிட்ட வாக்குக் குடுத்துட்டேன் கண்ணு."

"பாக்கறதுக்கு என்னங்கப்பா?"

அப்பாவும் மகளும் காரிலேயே சண்டை போட்டுக்கொள்வார்கள் என்று நானும் ஏறிக்கொண்டேன். கணபதி ஏரியாவில் இருக்கும் என் லேத் பட்டறைக்கு அன்று நானே லீவு விட்டேன்.

கிருபாசங்கர் முந்திரியும் காபியும் கொடுத்து நன்றாகத்தான் கவனித்தார். எல்லாம் சுற்றிக் காட்டிய பிறகு லோகப்பிரியா கேட்டாள்: "சித்தப்பா, போன வருசம் இந்தப் படிப்புல எத்தன பேரு நடுவுல நின்னாங்க? ஏன் நின்னாங்க?"

அவர் சத்தமாகச் சிரித்தார். "நம்ம காலேஜ்ல சேந்தவங்க யாரும் நிக்கறதே இல்ல கண்ணு."

திரும்பும்போது அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா? ஒருத்தருமே நிக்கறதில்லையாம்."

"மில்லுல யாருமே வேலைய உட்டுப் போறதில்லைன்னு ஒரு மேனேஜர் சொன்னாருன்னா, அவரு யாரையும் கேக்கலைன்னு அர்த்தமுங்கப்பா" என்றாள் அவள். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

அடுத்துப் போனது நகரத்தின் மறுகோடியில் இருந்த பழைய பல்கலைக்கழகம். சுவரில் காரை பெயர்ந்திருந்தது, மின்விசிறி கடகடத்தது. துறைத் தலைவர் வெங்கடலட்சுமியிடம் அதே கேள்வியைக் கேட்டாள். அந்தம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நாலு பேரும்மா. ஒரு பொண்ணுக்குக் கல்யாணம். ரெண்டு பேரு சாயங்காலம் வகுப்பு முடிஞ்சு போனா ஊருக்குக் கடைசி பஸ் கெடைக்கலைன்னு நின்னுட்டாங்க. அது எங்களுக்குத் தெரியறதுக்குள்ள ரொம்ப லேட். இப்ப வகுப்ப முன்னாடியே முடிச்சிர்றோம். இன்னொரு பையன் அப்பாவோட கடையப் பாத்துக்கறான். அவன இன்னும் கூப்பிட்டுட்டேதான் இருக்கேன்."

லோகப்பிரியா அங்கேயே சேர்ந்தாள். கிருபாசங்கருக்குத் தானே போன் செய்து, நன்றியும் சொல்லி, வேறு இடத்தில் சேர்ந்ததையும் சொன்னாள். அண்ணன்தான் பங்காளி முகத்தில் எப்படி விழிப்பது என்று புலம்பினார். அடுத்து வந்த இரண்டு கல்யாணங்களுக்கு மொய்யை என்னிடம் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டார். மகளிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரண்டாம் வருடம் பாதியில், வீட்டை ஒட்டி அவருடைய விசைத்தறிகள் ஓடும் குடோனில் எண்ணெய் வழுக்கி அண்ணன் விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. லோகப்பிரியா யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டு, தறி ஓட்டுகிறவர்களுக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணன் கேட்டபோது, "லீவுங்கப்பா" என்றாள். அவரும் நம்பினார்.

ஒரு நாள் நான் பார்க்கப் போயிருந்தபோது, கட்டில்மேல் அவள் விட்டுப்போயிருந்த போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டால்தான் அண்ணனுக்குப் பேச வரும். போட்டார்.

"லோகப்பிரியா வீடுங்களா? நான் வெங்கடலட்சுமி, காலேஜ்ல இருந்து. பொண்ணு ஒரு வாரமா வகுப்புக்கு வரலைங்க. ஏதாவது கஷ்டமுங்களா? எங்களால ஆகறது எதாச்சும் இருந்தா சொல்லுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார், தன் மாவுக்கட்டைப் பார்த்தார். தறிச் சத்தத்துக்கு நடுவில் மகள் குரல் குடோனிலிருந்து கேட்டது. அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"கஷ்டமெல்லாம் ஒண்ணுமில்லைங்க. தறிய எந்தம்பி பாத்துக்குவான்" என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"நடுவுல நின்னவங்க கணக்குல எம்புள்ளையச் சேத்திராதீங்க. திங்கக்கெழம வந்துருவாளுங்க."