சுடாத நெற்றி

நோபல் பார்க்கில் உள்ள எங்கள் வீட்டில் மகள் காகிதக் கொடி ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பசை வாசம் என்னை ஜெனீவாவுக்கு இழுத்துப் போனது. அங்கே ஓர் அனைத்துலகப் பள்ளியில் அப்பா சமையல்காரர். அதனால் நானும் அங்கேயே படித்தேன். கொடி நாளில் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் தங்கள் கொடியோடு படத்துக்கு நிற்பார்கள்.

“ஆர் படம் எடுக்கிறது? அது கொழும்புக்குப் போனா, ஊரில ஆமிக்காரர் மாமாவைப் பிடிப்பாங்கள்” என்பார் அம்மா. ஒவ்வொரு வருடமும் அன்று காலை, சுடாத என் நெற்றியில் தைலம் பூசிவிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்குப் போன் எடுப்பார்.

“அம்மா, நாளைக்கு ஸ்கூல்ல இதோட போட்டோ எடுப்பினம்” என்றாள் மகள்.

மாமா கனடாவுக்குப் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் கேட்டேன்:

“ஆர் எடுக்கிறது?”

“வை?” என்று ஆங்கிலத்தில் கேட்டபடி நிமிர்ந்தாள்.

என் கை ஏற்கெனவே அவள் நெற்றியில் இருந்தது.